பெட்டிக்கடை மிட்டாய், பம்பரம், ஒளியும் ஒலியும்: 80, 90களின் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 1980களிலும் 90களிலும் பள்ளிக்கூடம் போனவர்கள் ஒன்று சேர்ந்தால் பேச்சு எப்படியோ தேன் மிட்டாய்க்கும் பம்பரத்துக்கும் வந்துவிடும். அது எப்படிச் செய்தார்கள், இது இப்போது எங்கே கிடைக்கும், அட்டைப் பெட்டியில் கிடக்கும் கேசட்டுகளை என்ன செய்வது என்று கேள்விகள் வரிசையாக வரும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்கள் இவை.

எந்தக் காலத்தைப் பற்றிய நினைவுகள் இவை?

தோராயமாக 1980இலிருந்து 90களின் கடைசி வரை. இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982இல் வந்தது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. 1977இல் நாட்டை விட்டுப் போன கோக்கும் அதே 1993இல் திரும்பி வந்தது. இந்த வருடங்களுக்கு நடுவில்தான் கடை, தெரு, வீட்டுக் கூடம் மூன்றும் மாறின. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு முன்னே பின்னே இருக்கும். சென்னைப் பிள்ளைகளுக்கு 85இல் கிடைத்தது சில கிராமங்களுக்கு 95இல்தான் போய்ச் சேர்ந்தது.

பெரிய கடைகளை மறந்தவர்கள்கூடப் பெட்டிக்கடையை மறக்காதது ஏன்?

என்னைக் கேட்டால் காரணம் மிட்டாயின் ருசி மட்டுமில்லை. அங்கே பிள்ளை ஒரு முழு வாடிக்கையாளர். கையில் பத்துக் காசு இருந்தால் போதும், கடைக்காரப் பாட்டியோ அண்ணாச்சியோ பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரியே பதில் சொல்வார்கள். கண்ணாடி ஜாடிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஐந்து காசுக்குச் சூட மிட்டாயும் ஐந்து காசுக்குக் கடலை மிட்டாயும் வாங்குவதா, இல்லை பத்துக் காசையும் ஒரே தேன் மிட்டாயில் போடுவதா என்ற முடிவை அப்பா அம்மா எடுக்கவில்லை. பிள்ளைதான் எடுத்தது. தவறாக எடுத்தால் அடுத்த காசு கிடைக்கும்வரை அந்த வருத்தமும் அதனுடையதுதான்.

இந்தச் சந்தை நாணயங்களை நம்பி இருந்தது. ஐந்து, பத்து, இருபது காசுகளும் நாலணா என்று நாம் சொன்ன 25 காசும் விலைவாசி ஏற ஏறப் பயனில்லாமல் போயின. 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது என்று சட்டப்படியே முடிந்தது. எட்டணா, அதாவது 50 காசு, இன்றும் செல்லும். ஆனால் யாரும் வாங்குவதில்லை.

தேன் மிட்டாயில் தேன் இருக்கிறதா? வீட்டில் செய்ய முடியுமா?

தேன் கிடையாது, சர்க்கரைப் பாகுதான். வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

ஒரு கப் இட்லி அரிசி, கால் கப் உளுந்து இரண்டையும் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் வடை மாவு பதத்துக்கு நைசாக அரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சிறிதளவு கேசரிப் பொடியும் சேர்க்கலாம். நிறம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், ருசியில் வித்தியாசம் இல்லை. இரண்டு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்போதே இறக்கிவிட வேண்டும். பிறகு மாவைக் கோலி குண்டு அளவு கிள்ளிப் போட்டு மிதமான தீயில் பொரித்து, சூடு ஆறுவதற்குள் வெதுவெதுப்பான பாகில் போடவும். பத்து நிமிடம் ஊறினால் போதும். எடுத்துச் சர்க்கரையில் புரட்டினால் கடையில் பார்த்த அதே மிட்டாய்.

பலருக்கும் சரியாக வராததற்குக் காரணம் பாகுதான். கம்பிப் பதம் தாண்டிவிட்டால் பாகு உள்ளே இறங்காது, மேலேயே உறைந்துவிடும். கடித்தவுடன் உள்ளேயிருந்து பாகு வழிய வேண்டும், அதுதான் இந்த மிட்டாயின் உயிர். அதற்கு உருண்டையின் உள்ளே பொந்து இருக்க வேண்டும். அந்தப் பொந்தைத் தருவது உளுந்து. ஆகவே உளுந்தைக் குறைக்காதீர்கள்.

கமர்கட்டு?

தேங்காயும் வெல்லமும்தான். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, தேங்காய்த் துருவலைச் சேர்த்துக் கிளற வேண்டும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டு உருட்டி, தட்டில் போட்டுப் பார்க்கவும். 'டக்' என்று சத்தம் வந்தால் பதம் சரி. கையில் நெய் தடவிக்கொண்டு சூட்டோடு சூடாக உருட்ட வேண்டும், ஆறினால் உருட்ட வராது. ஒரு கமர்கட்டு அரை மணி நேரம் வாயில் கிடக்கும். குறைந்த காசில் நீண்ட நேரம் என்பதுதான் அதன் பெருமை.

இலந்த வடை இப்போதும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இலந்தைப் பழத்தோடு காய்ந்த மிளகாய், உப்பு, புளி, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்து, தட்டி வெயிலில் காயவைத்தது அது. பழம் வரும் தை, மாசி மாதங்களை ஒட்டிச் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்து வருடம் முழுக்க விற்பதில் பழத்தைவிடப் புளிதான் அதிகம் தெரிகிறது.

பஞ்சு மிட்டாயைத் தடை செய்துவிட்டார்களாமே?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் தொடர்ந்து தமிழ்நாடும் தடை விதித்தன. காரணம் ரோடமின் பி. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம், உணவில் சேர்க்கவே கூடாதது. எடுத்த மாதிரிகளில் அது இருந்தது. பஞ்சு மிட்டாய் என்பது சூடாக்கி உருக்கிய சர்க்கரை, சுழலும் வட்டிலின் ஓட்டைகள் வழியே இழையாக வெளியே வருவது, அவ்வளவுதான். நிறம் இல்லாத வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே ருசிதான். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தைத்தான் பஞ்சு மிட்டாய் என்று நாம் பழகிவிட்டோம். பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் நினைவைவிட உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பொம்மை கைதட்டும் ஜவ்வு மிட்டாய்க்காரர் எங்கே போனார்?

திருவிழாக்களில் இன்னும் ஒன்றிரண்டு பேர் தென்படுகிறார்கள். உயரமான மூங்கில் கழியின் உச்சியில் ஒரு பொம்மை, கழியைச் சுற்றி இழுபடும் சர்க்கரை ஜவ்வு. கயிற்றை இழுத்தால் பொம்மை கைதட்டும். ஜவ்வை இழுத்து முறுக்கி வாட்ச், மோதிரம், தேள் என்று கேட்டதைச் செய்து கையில் ஒட்டிவிட்டு, மிச்சம் கொஞ்சத்தைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். கேட்ட உருவத்தைக் கண் முன்னால் செய்து தந்தவர் அவர். எங்காவது பார்த்தால் நின்று வாங்குங்கள்.

கோலி சோடா நம் ஊர்க் கண்டுபிடிப்பா?

பாட்டில் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹிராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பாட்டிலைத் தலைகீழாக வைத்து வாயு ஏற்றுவார்கள். அந்த அழுத்தம் கோலியைக் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும், தனியாக மூடி தேவையில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கோலி கீழே இறங்கும். கழுத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கமாகச் சாய்த்துக் குடித்தால் கோலி பள்ளத்தில் தங்கி வழியை மறைக்காது. மறுபக்கம் சாய்த்தால் சோடா வராது. காலி பாட்டில் கடைக்கே திரும்பிப் போகும், கழுவி மறுபடி நிரப்புவார்கள். அங்கே பிறந்த பாட்டிலைப் பன்னீர் சோடாவாகவும் இஞ்சி சோடாவாகவும் நம் ஊர் தனதாக்கிக்கொண்டது.

கோல்ட் ஸ்பாட் ஏன் காணாமல் போனது? பவண்டோ எப்படித் தப்பியது?

கோல்ட் ஸ்பாட், தம்ஸ் அப், லிம்கா மூன்றும் பார்லே நிறுவனத்துடையவை. 1993இல் கோகோ கோலா அவற்றை வாங்கியது. தம்ஸ் அப்பும் லிம்காவும் நிலைத்தன. ஆரஞ்சு பானத்தில் ஃபேன்டாவை முன்னே கொண்டுவருவதற்காகக் கோல்ட் ஸ்பாட்டைக் கைவிட்டார்கள்.

பவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கிய குடும்ப நிறுவனம். அதை அவர்கள் விற்கவில்லை. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தபோது பவண்டோவுக்குப் புது மவுசு வந்தது. கல்யாண வீடுகளில் அந்தத் திராட்சை வாசம் இன்றும் இருப்பதில் எனக்கு நிஜமான சந்தோஷம்.

பல்பில் தண்ணீர் ஊற்றிச் சினிமா காட்டினோமே, அது எப்படி வேலை செய்தது?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. ஒரு பிள்ளை தானாகவே ஒளியியலைக் கற்றுக்கொண்ட இடம் அது.

தியேட்டரில் படம் அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு முனைகளையும் வெட்டி ஒட்டுவார். வெட்டி எறிந்த துண்டுகள்தான் நம் கைக்கு வந்த பிலிம். அவை 35 மி.மீ. அகலம். ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும் என்பதால் கையில் இருக்கும் நாலு படங்களில் நாயகன் இம்மியளவும் அசைந்திருக்க மாட்டார். பீஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது பூதக்கண்ணாடியாகிவிடும். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கதவிடுக்கு வழியாக உள்ளே அடிப்பான். வெளிச்சம் பிலிமைத் தாண்டி, பல்பைத் தாண்டி, எதிரே கட்டிய வேட்டியில் விழும். படம் தலைகீழாக விழும் என்பதால் பிலிமைத் தலைகீழாகச் செருக வேண்டும். சூரியன் நகர நகர வெளியே இருப்பவனும் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது.

இன்று செய்து பார்க்க விரும்பினால் பல்பை உடைக்க வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடியும் டார்ச் லைட்டும் போதும். பழைய நெகட்டிவ் ஏதாவது வீட்டு அலமாரியில் இருக்கும்.

திருவிழாவில் விற்ற தகரப் படகு தண்ணீரில் எப்படி ஓடியது?

அடியில் சின்ன எண்ணெய் விளக்கு வைத்தால் 'டப டப டப' என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடுமே, அதுதானே? உள்ளே ஒரு தட்டையான தகரக் கொப்பரை, அதிலிருந்து பின்பக்கம் இரண்டு குழாய்கள். முதலில் குழாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும். விளக்குச் சூட்டில் நீராவி உண்டாகிக் குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னால் போகும். நீராவி குளிர்ந்ததும் வெற்றிடம் ஏற்பட்டு மறுபடி தண்ணீரை உள்ளே இழுக்கும். அப்படியானால் படகு பின்னால் வர வேண்டாமா என்று கேட்பார்கள். வெளியே போகும் தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சுகிறது, உள்ளே வரும் தண்ணீர் நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் முன்னால் தள்ளும் விசைதான் ஜெயிக்கும். சத்தம், கொப்பரையின் மெல்லிய தகரம் உள்ளும் வெளியும் உப்புவதால் வருவது. இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது. பெரியவர்கள் கூட இருந்து விளக்கை ஏற்றுங்கள்.

மரச் சொப்பு சாமான் எங்கே வாங்கலாம்?

அம்பாசமுத்திரம். மரத்தைக் கடைசலில் பிடித்துச் சுற்றவிட்டு, சுற்றும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடிக்கும், அந்த மினுமினுப்பு அதனால்தான். அடுப்பு, குடம், ஆட்டுக்கல், திருகை எல்லாம் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் அடங்கும்.

டிவியில் என்னென்ன பார்த்தோம்? அவற்றை இப்போது பார்க்க முடியுமா?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலைப் படம், விவசாயிகளுக்கு வயலும் வாழ்வும், நேயர் கடிதங்களுக்கு எதிரொலி. 1987 ஜனவரியில் ராமாயணம், 88 அக்டோபரில் மகாபாரதம். மொழி புரியாவிட்டாலும் ஞாயிறு காலையில் தெருவே உள்ளே உட்கார்ந்திருக்கும். 1997இல் சக்திமான். தென்மாவட்டக் கரையோரங்களில் ஆன்டெனாவைத் திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி கிடைக்கும். சென்னையை விட அது தெளிவாகத் தெரிந்த ஊர்களும் உண்டு. நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை யூடியூபில் ஏற்றியிருக்கிறது, அங்கே தேடுங்கள். பின்னாளில் பொதிகை என்று பெயர் பெற்ற அந்த அலைவரிசை 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ்.

வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. தூக்கிப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கடையில் வாங்கிய சினிமாப் பாடல் கேசட்டை வேண்டுமானால் விட்டுவிடலாம், அந்தப் பாடல்கள் வேறு வழியில் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்தவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். தாத்தாவின் குரல், பிள்ளையின் மழலை, வெளிநாட்டுக்குப் போனவருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது போன்றவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. ரிக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கியதையும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு கிடைக்கும், அந்த வரிசை கிடைக்காது.

கணினிக்கு மாற்றும் முறை இதுதான். முதலில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓடவிடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கிடந்த நாடா பிரியும். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கவும். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். பதியும்போது சத்தத்தை உச்சத்தில் வைக்காதீர்கள், கரகரக்கும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவதுதான் இன்றும் சிறந்த வழி. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிட்டால் தெரியாமல் அழிந்துபோகாது.

இரும்புக்கை மாயாவி உண்மையில் தமிழ்க் கதையா?

வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1962இல் தொடங்கிய படக்கதை. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் அவரை நமக்குத் தந்தது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. லயனும் முத்துவும் இன்றும் வெளிவருகின்றன, மறுபதிப்புகளும் உண்டு. பழைய பிரதிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பசை பழுப்பாகிக் காகிதத்தையும் தின்றுவிடும்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருந்ததா?

இல்லை. நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்துக்கொண்டிருந்தபோது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் நம் வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் 1996இல் தலையிட வேண்டியிருந்தது. ஒரே தெருவில் டிவி பார்க்கும்போது சில பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்தார்கள், சிலரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குத் தெரு விளையாட்டு அன்றோடு முடிந்தது. இவை இல்லாமல் சொன்னால் அது பாதி நினைவுதான். ஜன்னலுக்கு வெளியே நின்றவரிடமும் கேட்டு எழுத வேண்டும்.

என் பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லையே?

'90ஸ் மிட்டாய்' என்று எழுதிய பரிசுப் பெட்டியை நாமே வாங்கி நாமே பிரித்து நீட்டினால் ஆர்வம் எப்படி வரும்? நமக்குக் கிடைத்தது மிட்டாய் மட்டுமில்லை, தேர்ந்தெடுக்கும் உரிமையும்தான். கையில் இருபது ரூபாய் கொடுத்து, பக்கத்துக் கடைக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள். என்ன வாங்கினாய், ஏன் வாங்கினாய் என்று விசாரிக்காதீர்கள். அவர்கள் வாங்கி வருவது தேன் மிட்டாயாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சரி, பம்பரம் விட எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பிளாஸ்டிக் வேண்டாம், ஆணி வைத்த மரப் பம்பரம் வாங்குங்கள். சாட்டையின் ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் நசுக்கி ஓட்டை போட்ட சோடா மூடி. மூடி விரலிடுக்கில் நின்றால் சாட்டை கையை விட்டுப் போகாது. விளிம்பைத் தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். சாட்டையை லேசாக நனைத்து, ஆணிப் பக்கத்திலிருந்து மேலே இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பம்பரம் படுத்துவிடும். வீசும்போது கை கீழே போகும், தரையைத் தொடும் முன் மணிக்கட்டை வெடுக்கென்று பின்னால் இழுக்க வேண்டும். முதல் நாள் மண் தரையில் பழகட்டும். சிமென்ட் தரையில் ஆணி வழுக்கும்.

நன்றாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு அபீட் எடுக்கச் சொல்லிக்கொடுக்கலாம். சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் கோத்து மேலே தூக்கிக் கையில் பிடிப்பது அது. அபீட் எடுப்பதில் யார் கடைசியோ அவர் பம்பரம் வட்டத்துக்குள், மற்றவர்கள் ஆக்கர் வைப்பார்கள், அதாவது தங்கள் பம்பரத்தின் ஆணியால் அதைக் குத்துவார்கள். வட்டத்துக்குள் வைக்க ஒரு பழைய பம்பரத்தைத் தனியாக வைத்திருங்கள். புதியதில் ஆணிக் குத்து விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் மனசு தாங்காது.